தேர்த்தட்டிலிருந்து எழுதியவர்: டெனிஸ் ஜெங்கின்சன் (1920 – 1996)

பாரதப் போர் முழுவதையும் கண்ணிழந்த திருதராட்டிரனுக்கு ஒன்றும் விடாது எடுத்துரைத்தவன் சஞ்சயன் என்பது நம் மாணவர் அறிந்த கதை. வியாச முனிவரின் அருளால், தொலைவில் நிகழ்வதைக் காணும் ஆற்றல் அவனுக்கு வாய்த்தது. அவனுக்குப் பின்வந்த நிருபர் எவருக்கும் அப்பேறு கிட்டவில்லை. தாம் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டியதையே அவர்கள் எழுத வேண்டியவராயினர். ஏனைய விளையாட்டுகளுக்கு இது பெருங்குறையன்று. கிரிக்கெற் ஆட்டத்தை மரநிழலில் இருந்தவாறே முழுமையாகக் காணலாம். மோட்டார் ஓட்டப் போட்டி அவ்வாறானதன்று. ஜேர்மனி நாட்டிலுள்ள நூர்பர்க்றிங் என்னும் ஓட்டப்பாதை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 மைல் நீளமுடையதாயிருந்தது. 1950களில் மிக விரைந்த கார்களும் அதனைச் சுற்றிவர ஒன்பது, பத்து நிமிடம் எடுத்தன. அரங்கில் அமர்ந்திருப்பவன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காரைக் காண்பது சில கணங்கள் மாத்திரமே. எஞ்சிய நேரத்தில் மலைச்சரிவிலும் காட்டுவழியிலும் சாரதியின் கை என்ன செய்தது? அவன் கண் எதனை நோக்கியது? இவற்றை வென்று இறங்கும் சாரதியிடம் கேட்டால் அவன் புன்முறுவல் செய்வானேயன்றி விளக்கமாட்டான். செய்வதில் வல்லவர் பலர் சொல்லுவதில் வல்லவரல்லர்.

இந்த இருளைத் தம் வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டு, அதனுள்ளே தாமே புகுந்து பார்த்து எழுதியவர் டெனிஸ் ஜெங்கின்சன். ஆங்கில மொழியில் மோட்டார் ஓட்டம் பற்றி எழுதியோருள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். தம் கட்டுரைகளின் கீழ் டி. எஸ். ஜே. என்னும் மூன்றெழுத்துகளையே பொறித்தமையால் வாசகர் பலர் அவரை அவ்வெழுத்துகளாலேயே அறிந்திருந்தனர். நண்பர்களுக்கு அவர் ஜெங்ஸ். குட்டையான உருவம், நீண்ட தாடி, மூக்குக்கண்ணாடி. ஓட்டக்களத்தில் அவரைக் கண்டவர் மறவார்.

அவர் 1920ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். அந்நகரின் றீஜன்ற் வீதிப் பொலிரெக்னிக் கல்விக்கூடத்தில் எந்திரவியல் பயின்றார். அக்காலத்திலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரில் ஆயுதம் ஏந்துவது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதென மறுத்த இளைஞர் சிலருள் ஜெங்கின்சனும் ஒருவர். ஆகவே பார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்திற் படைசாரா ஊழியராகப் பணிபுரிந்தார். ஊர் முழுவதும் போர் போர் என்று ஆர்ப்பரிக்கும் காலத்தில், வயதில் இருபதைத் தாண்டாத ஒருவன் இயலாது என்று சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். பிறர் சொல்வதற்காகத் தம் எண்ணத்தை மாற்றாத அந்த இயல்பு அவரை இறுதிவரை விட்டகலவில்லை. அதனால் வந்த சிறப்பும் உண்டு, குறையும் உண்டு. இரண்டையும் கூறுவோம்.

போர் முடிந்தபின் ஓட்டப் போட்டிகள் மீண்டும் தொடங்கின. தமக்கெனப் பந்தயக் கார் வாங்கும் வசதி ஜெங்கின்சனுக்கு இல்லை. அவர் வேறொரு வழி கண்டார். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு சில்லுப் பூட்டிய சைட்கார் ஓட்டங்களில், சாரதியுடன் இன்னொருவரும் செல்லவேண்டும். அவர் சும்மா அமர்ந்து செல்பவரல்லர். அமர்வதற்கு ஆசனமும் இல்லை. ஒரு பக்க வளைவில் வண்டிக்கு வெளியே உடலை நீட்டி, தலை தரையை உரசுமளவிற்குத் தாழ்ந்து கிடக்க வேண்டும். மறுபக்க வளைவில் பின்சில்லின் மேல் தாவிக் கவிழ்ந்து கொள்ள வேண்டும். அவருடைய நிறையே வண்டியின் சமநிலை. ஒரு கணம் பிந்தினால் இருவருக்கும் கேடு. ஆங்கிலச் சாரதி எரிக் ஒலிவரின் நோட்டன் வண்டியில் ஜெங்கின்சன் இவ்வாறு சென்றார். 1949ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட உலக சைட்கார் வெற்றிப் பட்டத்தை அவ்விருவரும் பெற்றனர். பின்னர் பெல்ஜிய நாட்டுச் சாரதி ஒருவருடனும் அவர் ஓடினார். ஐரோப்பாவின் ஓட்டப்பாதைகளை அவர் முதலிற் கற்றது இவ்வாறு, முழங்கையாலும் தோளாலும்.

மோட்டார் ஸ்போட் என்னும் மாதச் சஞ்சிகைக்கு ஐரோப்பியக் கண்ட நிருபராக அவர் அமைந்தது இக்காலத்திலேயே. அச்சஞ்சிகையின் பத்திராதிபராகப் பல்லாண்டுகள் விளங்கிய வில்லியம் பொடி அவருக்கு எழுதும் சுதந்திரத்தைத் தாராளமாகத் தந்தார். இளவேனிலில் ஆங்கில நாட்டை விட்டுப் புறப்பட்டால் கூதிர்காலம் வரும்வரை ஜெங்கின்சன் திரும்புவதில்லை. போட்டிக்குப் போட்டி தாமே கார் ஓட்டிச் செல்வார். ஒரு சிறிய போர்ஷே காரில் நெடுங்காலமும், பின்னர் ஜாகுவார் காரிலும் அவர் சென்ற தூரங்கள் எண்ணற்றவை. தாயகத்தில் அவருக்கிருந்தது நாட்டுப்புறத்தில் வசதிகள் குறைந்த ஓர் எளிய வீடு. அதனுள்ளும் மோட்டார் சைக்கிள்களும் இயந்திரத் துண்டுகளுமே நிறைந்திருந்தன. பொருள் தேடும் எண்ணம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. போட்டிக் களத்தில் மற்ற நிருபர்கள் அரங்கில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் தொலைவிலுள்ள ஒரு வளைவுக்கு நடந்துபோய், எந்தச் சாரதி எங்கே பிறேக்கை அழுத்துகிறான், யார் துணிவுடையவன், யார் துணிவுடையவன்போற் காட்டுகிறவன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். உயர் வகுப்புகளில் கட்டுரை கற்பிக்கும் நாம் ஆண்டுதோறும் காண்பதொன்று உண்டு. கடற்கரைக் காட்சியை எழுதச் சொன்னால், காலையிற் கடற்கரையைக் கடந்தே பாடசாலைக்கு வந்த மாணவனும் ஏதோ ஒரு பழைய கட்டுரையில் உள்ள கடலையே எழுதித் தருகிறான். வளைவுக்கு நடந்துபோகும் பழக்கம் எழுதுவோரிடத்து அரிது.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

இத்தாலி நாட்டில் 1927 முதல் 1957 வரை மில்லே மில்லியா என்றொரு போட்டி நடைபெற்று வந்தது. ஆயிரம் மைல் என்பதே அப்பெயரின் பொருள். வடக்கேயுள்ள பிரெஸ்சியா நகரிற் புறப்பட்டு, வெறோனா, பாதுவா, இறவென்னா வழியாக அத்திரியாத்திக் கடலோரம் இறங்கி, பெஸ்காரா நகரில் மலையேறி உரோமாபுரியை அடைந்து, அங்கிருந்து சியெனா, புளோரன்ஸ், பொலொஞா வழியாகப் பிரெஸ்சியாவுக்கே மீளவேண்டும். மூடப்பட்ட ஓட்டப்பாதையன்று, ஊர்களுக்கும் வயல்களுக்கும் ஊடாகச் செல்லும் பொதுவீதி. ஐந்நூறு கார்களுக்கு மேல் ஓடும். சிறியவை முதல்நாள் இரவே புறப்படும். பெரியவை விடியலுக்குப் பின்னர், ஒவ்வொரு நிமிட இடைவெளியில். ஒரு காரின் இலக்கமே அது புறப்படும் நேரம். வழியை ஊர்ப்பிள்ளைகளாக அறிந்த இத்தாலியருக்கே இப்போட்டி உரியதாயிருந்தது. 1955க்கு முன் பிறநாட்டார் முதலிடம் பெற்றது 1931இலும் 1940இலும் மாத்திரமே. அவ்விரு முறையும் வென்றோர் ஜேர்மானியர். ஆயிரம் மைல் வீதியின் ஒவ்வொரு வளைவையும் ஒரு வேற்று நாட்டான் மனத்திற் பதித்தல் ஆகுமோ?

மனத்திற் பதிக்க வேண்டியதில்லை, தாளிற் பதித்தாற் போதும் என்ற எண்ணம் ஜெங்கின்சனுக்கும் ஜோன் பிட்ச் என்னும் அமெரிக்கச் சாரதிக்கும் எழுந்தது. வீதியை முன்கூட்டியே ஓடிப்பார்த்து, ஒவ்வொரு வளைவின் தன்மையையும், எதிர்ப்புறம் தெரியாத மேட்டுக்கு அப்பால் வீதி எப்படித் திரும்புகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொண்டால், அருகிருப்பவர் சாரதிக்கு அதனை அறிவிக்கலாமன்றோ? பிட்ச் அவ்வாறே தாமும் ஜெங்கின்சனும் ஓடுவதற்கு எண்ணியிருந்தார். ஆனால் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் புதிய பந்தயக் கார்களை வேறு சாரதிகளுக்கே ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று ஸ்ரேர்லிங் மொஸ் என்ற இருபத்தைந்து வயது ஆங்கில இளைஞனுக்குக் கிடைத்தது. மொஸ் ஜெங்கின்சனை அழைத்தபோது, வெல்லும் வாய்ப்பு அந்தக் காருக்கே உண்டு என்று கண்ட பிட்ச், தம் துணைவரை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். பிட்சின் பெயரை வாசகர் மறவாதிருப்பாராக.

மொஸ்ஸும் ஜெங்கின்சனும் பயிற்சிக்காக அவ்வழியைப் பலமுறை ஓடினர். ஜெங்கின்சன் எழுதிய குறிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஏறக்குறைய 18 அடி நீளமுள்ள ஒரே சுருளாயின. உலோகப் பெட்டியொன்றினுள் இரண்டு உருளைகளிற் சுற்றப்பட்ட அச்சுருள், கண்ணாடி போன்ற ஒரு சாளரத்தின் ஊடாகத் தெரிந்தது. உருளையைத் திருகத் திருக அடுத்த பகுதி வரும். கோவில்களிற் பழைய ஏட்டைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிப்பவரை இது எமக்கு நினைவூட்டுகின்றது. குறிப்பைச் சாரதிக்குச் சொல்வது எவ்வாறு? இயந்திரத்தின் இரைச்சலில் வாய்ச்சொல் கேளாது. பேச்சுக் கருவியொன்றைப் பொருத்திப் பார்த்தனர். எல்லை கடந்த வேகத்தில் ஓட்டுங்கால் மொஸ்ஸின் மனம் காதில் விழுந்ததை ஏற்கவில்லை. ஆதலாற் கைச்சைகைகளை வகுத்துக்கொண்டனர். கண்ணோரத்தில் தெரியும் ஒரு கை போதுமானதாயிற்று.

1955ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி காலை 7 மணி 22 நிமிடத்திற்கு 722ஆம் இலக்கக் கார் புறப்பட்டது. ஒரு நிமிடம் பிந்திப் புறப்பட்ட கஸ்தெலொத்தி என்னும் இத்தாலியரின் பெராரி, பாதுவா நகரிலேயே அவர்களைப் பிடித்துவிட்டது. அங்கே மொஸ்ஸின் கார் வைக்கோற் பொதிகளில் மோதி நின்று மீளவும், பெராரி கடந்து சென்றது. ஆனால் அத்துணை வேகம் சில்லுகளின் ரயர்களைத் தின்றது. இறவென்னாவில் கஸ்தெலொத்தி ரயர் மாற்ற நின்றபோது இவர்கள் முந்தினர். கடலோர நேர்வீதிகளில் மணிக்கு 170 மைலுக்கு மேற்பட்ட வேகம். எதிரே ஒரு மேடு; அப்பால் என்ன உண்டென்று கண்ணுக்குத் தெரியாது. எந்தச் சாரதியும் இயல்பாகவே காலைத் தளர்த்தும் இடம். ஜெங்கின்சனின் கை, நேரே செல்லலாம் என்று காட்டும். மொஸ் காலைத் தளர்த்தாமற் செல்வார். கார் நிலத்தை விட்டெழுந்து அப்பால் விழும். இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். அந்தச் சைகை பிழையாயின் இருவரும் இறப்பர். ஆங்கில நாட்டின் தலைசிறந்த சாரதி தன் உயிரை ஒரு பத்திரிகை நிருபரின் கையெழுத்தில் வைத்தான். எழுதுகிறவன் தான் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் தன் உயிராலேயே பொறுப்பேற்றுப் பக்கத்தில் அமர்ந்திருந்தான். எழுத்துத் தொழிலில் இதற்கு ஒப்பான இன்னொரு சோதனையை நாம் அறியோம்.

வெப்பமும் மலைவளைவுகளின் சுழற்சியும் ஜெங்கின்சனைத் துன்புறுத்தின. வாந்தியெடுப்பதற்காக அவர் காருக்கு வெளியே தலையை நீட்டியபோது காற்று அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துச் சென்றது. மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தமையால் சுருளை மீண்டும் படிக்க முடிந்தது. சிறு முன்யோசனைதான்; அதுவன்றேல் ஆயிரம் மைலும் வீண்.

உரோமாபுரியை முதலில் அடைபவன் பிரெஸ்சியாவில் வெல்லமாட்டான் என்றொரு நம்பிக்கை அந்நாட்டவரிடம் வழங்கிற்று. உரோமாபுரியில் இவர்களே முதல்வராயிருந்தனர். நம்பிக்கை பொய்த்தது. 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் அவர்கள் பிரெஸ்சியாவை அடைந்தனர். சராசரி வேகம் மணிக்கு 97.96 மைல். அதனை அப்போட்டியில் பின்னர் எவரும் விஞ்சியதில்லை. தனியே ஓட்டிய பெருஞ்சாரதி பாஞ்சியோ அரைமணிக்கு மேல் பிந்தி இரண்டாமிடம் பெற்றார். பிட்ச், வேகங்குறைந்த வேறொரு மெர்சிடிஸ் காரை ஓட்டி ஐந்தாமிடத்தை அடைந்தார்.

அவ்வாண்டு யூன் மாத மோட்டார் ஸ்போட் இதழில் ஜெங்கின்சன் இந்தப் பயணத்தை எழுதினார். மோட்டார் ஓட்டம் பற்றிய கட்டுரைகளில் அதற்கு நிகரானது இல்லையென்று இன்றும் கூறுவோர் பலர். அதனைப் படிப்பவர் முதலிற் கவனிப்பது அதிலுள்ள அமைதி. வியப்புக்குறிகளை அடுக்கவில்லை, வீரத்தைப் பறைசாற்றவில்லை. எந்த இடத்தில் எந்தக் கியரில் எவ்வளவு வேகம், எந்த வளைவில் எந்தச் சைகை என்று ஒரு கணக்கப்பிள்ளையைப்போல் ஒழுங்காக எழுதிச் செல்கின்றார். தமக்கு வாந்தி வந்ததையும் மறைக்கவில்லை. படித்து முடித்தபின்னரே நம் கை நடுங்குவதை உணர்கின்றோம்.

இவ்வனுபவமெல்லாம் திரண்டு 1958இல் ஓட்டப்பந்தயச் சாரதி என்னும் பொருள்படும் நூலாக வெளிவந்தது. விரைந்து ஓட்டும் கலையை அது கூறுபோட்டு ஆராய்கின்றது. சாரதியின் பார்வை, கை கால்களின் அசைவு, வண்டி சறுக்குவதை முன்னுணர்தல், இடர் நேர்ந்த கணத்தில் மனம் இயங்கும் விதம் ஆகியவற்றை அதற்குமுன் எவரும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கவில்லை. பிற்காலத்தில் மசெராட்டி, போர்ஷே ஆகிய கார்களின் வரலாறுகளையும் எழுதினார்; அவை துறைபோனோருக்குப் பயன்படுவன.

இனிக் குறையையும் கூறுவோம் என்றோம். மில்லே மில்லியா வெற்றிக்கு ஆறு வாரத்தின் பின், 1955 யூன் 11ஆந் திகதி, பிரான்சு நாட்டின் லே மான் ஓட்டப்பாதையில் அதே வகை மெர்சிடிஸ் கார் ஒன்று முன்சென்ற காரில் மோதி, மக்கள் கூட்டத்தினுள் வீசப்பட்டது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரை ஓட்டி இறந்தவர் லெவெக் என்னும் பிரெஞ்சுக்காரர். அவருடன் முறைமாறி ஓட்டுதற்காகக் காத்து நின்றவர் வேறெவருமல்லர், ஜோன் பிட்ச். 1956இல் மொஸ்ஸும் ஜெங்கின்சனும் மசெராட்டி காரில் மீண்டும் மில்லே மில்லியா ஓடி, மழையில் வீதியை விட்டு விலகி, ஒரு மரத்தால் தடுக்கப்பட்டுப் பள்ளத்தில் விழாது தப்பினர். 1957இல் புறப்பட்டுச் சில மைல்களிலேயே பிறேக் மிதி முறிந்தமையால் திரும்பினர். அதே போட்டியில், குயிடிட்ஸோலோ என்னும் ஊரருகே டி போர்த்தாகோ என்பவரின் பெராரி வீதியோரத்தில் நின்றோர்மீது பாய்ந்தது. சாரதியும் துணைவரும் இறந்தனர். பார்த்து நின்றோர் ஒன்பதின்மர் இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர். மில்லே மில்லியா அத்துடன் முடிவுற்றது.

1966ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா ஓட்டப்பாதையில் ஜாக்கி ஸ்ருவேட் என்னும் ஸ்கொத்லாந்துச் சாரதி விபத்துக்குள்ளாகி, எரிபொருள் தோய்ந்த காரினுள் அகப்பட்டுக்கிடந்தார். அவரை விடுவித்தவர்கள் உடன் ஓடிய சாரதிகளே. அதன்பின் வேலிகளும் மருத்துவ வசதியும் வேண்டுமென அவர் விடாது வாதாடினார். ஜெங்கின்சன் அதனை ஏற்கவில்லை. ஆபத்தை அறிந்து விரும்பி ஏறுபவன் அதனைக் குறைக்கும்படி கேட்பது முறையன்று, அஞ்சுபவன் வீட்டில் இருக்கலாம் என்னுங் கருத்துப்படத் தம் சஞ்சிகையிற் கடுமையாக எழுதினார். ஸ்ருவேட்டும் அதே சஞ்சிகையில் மறுமொழி தந்தார். அக்காலத்தில் ஆண்டுதோறும் சாரதிகள் மாண்டுகொண்டிருந்தனர். ஜெங்கின்சன் பெரிதும் போற்றிய ஜிம் கிளாக் 1968இல் ஹொக்கென்ஹைம் ஓட்டத்தில் மரங்களில் மோதி இறந்தார்; அங்கே தடுப்புவேலி இருக்கவில்லை.

ஜெங்கின்சனின் துணிவு வாய்த்துணிவன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். 722ஆம் இலக்கக் காரில் இருந்தவர் அவர். பிறரைச் சாகச் சொல்லித் தாம் அரங்கில் இருந்தவரல்லர். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவரை உயிரைப் பொருட்படுத்தாதவர் என்று கூறவும் நா எழாது. எனினும் அவர் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. காரில் ஏறுபவன் விரும்பி ஏறுகிறான். குயிடிட்ஸோலோ வீதியோரத்தில் நின்ற ஐந்து பிள்ளைகள் எதனை விரும்பி ஏற்றனர்? வளைவுகளையெல்லாம் கண்ட அந்தக் கண் வீதியோரத்தைப் போதிய அளவு காணவில்லை என்றே நாம் கருதுகின்றோம். அதனைக் கண்டவர் பிட்ச். போர்விமானியாக இருந்து, சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையும் இருந்த அவர், லே மானில் நேர்ந்ததன் பின்னர் வீதிப் பாதுகாப்பையே தம் பணியாக்கினார். நெடுஞ்சாலைகளின் ஆபத்தான முனைகளில் மணல் நிரப்பிய பிளாஸ்திக் பீப்பாய்களை வரிசையாக வைக்கும் முறையை வகுத்தவர் அவரே. மோதும் காரை அவை மெல்ல மெல்லத் தடுத்து நிறுத்தும். ஐக்கிய அமெரிக்காவில் அப்பீப்பாய்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றால் உயிர்தப்பினோர் ஆயிரக்கணக்கினர் என்பர். அவர் 2012இற் காலமானார்.

ஜெங்கின்சன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பணியையும் நிறுத்தவில்லை. எழுபது வயதை அணுகிய காலத்திலும் ஓட்டக்களங்களிற் காணப்பட்டார். போருக்குப் பிந்திய சாரதிகளுள் அஸ்காரி, மொஸ், கிளாக், வில்நெவ், சென்னா ஆகிய ஐவரையே அவர் தலையாயோராக எண்ணினார். அவ்வைவருள் மொஸ் ஒருவர் தவிர ஏனைய நால்வரும் கார்களிலேயே உயிர்நீத்தனர். இறுதியானவர் சென்னா; 1994 மே மாதம் 1ஆந் திகதி, மில்லே மில்லியா வெற்றி நிகழ்ந்து சரியாக 39 ஆண்டுகள் நிறைந்த நாளில், இத்தாலியின் இமோலா ஓட்டப்பாதையில் இறந்தார். ஜெங்கின்சன் பக்கவாதத்தால் நலிந்து 1996ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 29ஆந் திகதி காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரைகளிற் சில திரட்டி நூலாக்கப்பட்டன.

இன்று உலகெங்கும் நடைபெறும் றாலி ஓட்டங்களில், சாரதிக்கு அருகிருப்பவர் வழிக்குறிப்பைப் படித்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. தலைக்கவசத்தினுள் பொருத்திய கருவி மூலம் வாய்ச்சொல்லாலேயே அதனை அறிவிக்கின்றனர், கைச்சைகைக்குத் தேவையில்லை. மொஸ் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2020 ஏப்பிரல் மாதம் 12ஆந் திகதி மறைந்தார். 722ஆம் இலக்கக் காரை மெர்சிடிஸ் நிறுவனத்தார் தம் உடைமையாகப் பேணி வைத்திருக்கின்றனர்.